அடைமழையில் அரை மாரத்தான்: ஓடலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு அரை மாரத்தானுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். கடலூரிலிருந்து பைக்கில் போக வேண்டும். இதுவரை 10 கி.மீ. தான் ஓடியிருக்கிறேன், அதுவும் வெயில் காலத்தில். அந்த வாரம் மழை இருக்கும் என்கிறார்கள். காய்ச்சல் வந்துவிடும், போகாதே என்று வீட்டில் தடுக்கிறார்கள். மழையில் ஓடலாமா? எப்படித் தயாராவது?

பதில்:

தாராளமாக ஓடலாம். மழையில் நனைவதால் மட்டும் காய்ச்சல் வராது, கிருமி வேண்டும். வீட்டில் இருப்பவர்களின் பயம் நியாயமானதுதான், ஆனால் அவர்கள் பார்க்கும் இடம் வேறு. நம் கடற்கரையில் ஓட்டக்காரருக்கு மேலே இருந்து விழும் மழையால் பெரிய தொந்தரவு கிடையாது. தரையில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் காலை உடைக்கும், நோயைக் கொடுக்கும். அதனால் ஓடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வானத்தைப் பார்ப்பதைவிடச் சாலையைப் பாருங்கள்.

முதலில் மழை ஏன் நமக்கு நல்லது என்று சொல்லிவிடுகிறேன். சமதரையில் ஓடுபவர், தன் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கிலோ கலோரி செலவழிக்கிறார். 60 கிலோ எடையுள்ளவர் அரை மாரத்தான் தூரமான 21 கி.மீ. ஓடினால் சுமார் 1,260 கிலோ கலோரி. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடாகத்தான் வெளியேறும். அதாவது 950 கிலோ கலோரி அளவுக்கான சூட்டை உடம்பு எப்படியாவது வெளியே தள்ள வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 580 கிலோ கலோரி வரை எடுத்துக்கொண்டு போகும். அப்படிப் பார்த்தால் ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வியர்வை போதும். ஆனால் கடலூரிலும் புதுச்சேரியிலும் விடியற்காலைக் காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை ஆவியாகாமல் தரையில் சொட்டும். சொட்டிப்போன வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. நீங்கள் வெயில் காலத்தில் 10 கி.மீ. ஓடியபோது கடைசி 2 கிலோமீட்டரில் மூச்சு வாங்கியிருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். மழைத்துளி தோலில் பட்டு வழியும்போது வியர்வை செய்ய முடியாத வேலையை அது செய்கிறது.

2019இல் தோஹாவில் நடந்த உலக தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தானை நினைத்துப் பாருங்கள். வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில்தான் தொடங்கினார்கள். வெப்பநிலை 32 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். 68 பேர் தொடங்கி 28 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். எல்லோரும் தங்கள் நாட்டின் தேர்ந்த வீராங்கனைகள். நம் ஊர் மே மாத விடியற்காலை அந்த நள்ளிரவுக்கு ரொம்ப தூரமில்லை. அந்த மாதிரி காலத்தில் 10 கி.மீ. ஓடியவர், 24 டிகிரியில் தூறலோடு ஓடும்போது தன் கால் இவ்வளவு லேசா என்று ஆச்சரியப்படுவார்.

சரி, எப்போது ஓடக்கூடாது? வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ.க்கு மேல் கனமழை, 11.5 செ.மீ.க்கு மேல் மிக கனமழை, 20 செ.மீ. தாண்டினால் அதி கனமழை. மஞ்சள் எச்சரிக்கை என்றால் நான் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். ஆரஞ்சு என்றால் நடத்துபவர்களின் முடிவுக்காகக் காத்திருப்பேன், பாதையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்வேன். சிவப்பு என்றால் அவர்களே நடத்தினாலும் போகமாட்டேன். கட்டிய பணம் போனால் போகட்டும். கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டையும் கவனியுங்கள். ஒன்றாம் எண் கூண்டு என்றால் தொலைவில் ஏதோ உருவாகியிருக்கிறது, அவ்வளவுதான். மூன்றாம் எண் ஏறிவிட்டால் இங்கேயே பலத்த காற்று வீசும். அப்போது மரத்தடியும் விளம்பரப் பலகையும் இருக்கும் சாலையில் ஓடுவதில் அர்த்தமில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது மரங்களும் மின்கம்பங்களும் எப்படி விழுந்து கிடந்தன என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

இதில் பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. மழை விட்டுவிட்டது, வெயில் அடிக்கிறது, அதனால் பாதை சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. ஆனால் கடலூர்ப் பக்கம் பெரிய அடி விழுந்தது அதற்கு அடுத்த நாட்களில். மேற்கே பெய்த மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தது. இங்கே மழை நின்ற பிறகுதான் நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு எல்லாம் மூழ்கின, கடலூர்–புதுச்சேரி சாலையில் போக்குவரத்தும் தடைபட்டது. கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் ஊரில் இருப்பவர்கள் நாம். மேலே எங்கே பெய்தது, அணை எப்போது திறந்தது என்று பார்க்காமல் நம் ஊர்ப் பாதையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு நாட்களும் அணைச் செய்தியைப் படியுங்கள்.

இடி மின்னலுக்குத் தனி விதி. மின்னல் வெட்டிய பின் 30 வினாடிக்குள் இடி கேட்டால் ஓட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வரக்கூடாது. பனைமரம், தென்னை மரம், பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரை, இதெல்லாம் ஒதுங்கும் இடமே கிடையாது. பொதுவாக அக்டோபர் மழை இடியோடு வரும், டிசம்பரில் தாழ்வு மண்டலம் கொண்டுவரும் மழையில் இடி குறைவு, காற்று அதிகம். உங்கள் ஓட்டம் டிசம்பரில் என்பதால் காற்றைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கும்.

அதற்கு முன் தரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே விழுபவர்களை நான் பார்ப்பது அங்கேதான். ஈரச் சாலையில் தார் நம்மைக் கைவிடாது. வழுக்குவது தாரின் மேல் இருக்கும் வேறு பொருட்கள்: பாதசாரிகள் கடக்கும் இடத்தில் பூசிய வெள்ளைப் பட்டை, வேகத்தடையில் அடித்த மஞ்சள் வண்ணம், சாக்கடை மூடியின் இரும்பு, பாலத்தின் இணைப்பில் ஓடும் இரும்புப் பட்டை, ரயில்வே கேட்டில் தண்டவாளம். ஒரு மழைநாள் ஓட்டத்தில் எனக்கு நாலு அடி முன்னால் போன பையன் திருப்பத்தில் வெள்ளைப் பட்டையின் மேல் கால் வைத்தான். வலது பாதம் பக்கவாட்டில் விலகியது, கையை ஊன்றினான், மணிக்கட்டு மடங்கியது. அதுவரை நல்ல வேகத்தில் வந்தவன். பட்டையைத் தாண்டி ஒரு சாண் தள்ளி மிதித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. திருப்பத்தில் வேகத்தைக் குறைத்து, அடியின் நீளத்தைச் சுருக்கி, பாதத்தை உடம்புக்கு நேர் கீழே வையுங்கள். நீட்டி வைக்கும் குதிகால்தான் முதலில் வழுக்கும்.

சாலையின் நடுப்பகுதி கொஞ்சம் உயர்ந்து இரண்டு ஓரமும் தாழ்ந்திருக்கும், தண்ணீர் ஓரத்தில்தான் சேரும். வாகனங்களை நிறுத்திவிட்ட பாதை என்றால் நடுவிலேயே ஓடுங்கள். ஓரத்தில்தான் வாய்க்காலும் இருக்கும், அதன் மேல் போட்ட பலகைக்கல் விலகியும் இருக்கும். கலங்கிய தண்ணீர் ஓரிடத்தில் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்குவது போலத் தெரிந்தால் அங்கே மூடி இல்லாத சாக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த ஒயர் எதுவும் தண்ணீரில் கிடந்தால் கிட்டவே போகாமல் வந்த வழியே திரும்புங்கள், பின்னால் வருபவர்களையும் கத்தி நிறுத்துங்கள். தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி மடக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் மழைநாளில் அதை விட்டுவிடுங்கள்.

புதுச்சேரியில் இந்திரா காந்தி சிலைச் சதுக்கம், ரெயின்போ நகர், பாவாணர் நகர் பக்கம் ஒரு நல்ல மழைக்கே தண்ணீர் கட்டும். உங்கள் ஓட்டப் பாதையின் வரைபடம் கையில் வந்ததும், அது இந்தப் பக்கமாகப் போகிறதா என்று பாருங்கள். கடற்கரைச் சாலையில் தண்ணீர் அவ்வளவாக நிற்காது. ஆனால் நடைபாதைக் கல் ஈரத்தில் கண்ணாடி மாதிரி வழுக்கும், சாலையிலேயே ஓடுங்கள். கணுக்கால் அளவு வரை தண்ணீர், அடியில் தார் இருப்பது தெரியும் என்றால் நேராக மிதித்துப் போகலாம். முதல் 2 கிலோமீட்டரில் எல்லோரும் குட்டைக்குக் குட்டை தாவித் தாவி ஓடுவார்கள், ஒருவர் மேல் ஒருவர் மோதுவார்கள். ஷூ எப்படியும் நனையப்போகிறது. அதற்கு மேல் ஆழம் என்றாலோ, அடி தெரியவில்லை என்றாலோ நடந்து கடக்க வேண்டும். முழங்கால் அளவு தண்ணீர் பாதையில் ஓடினால் அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இப்போது காற்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நமக்கு வாடையும் (வடக்கிலிருந்து வரும் காற்று) கொண்டலும் (கிழக்கிலிருந்து வரும் காற்று)தான். தாழ்வு மண்டலம் நமக்குத் தெற்கே இருக்கும்போது காற்று கடலிலிருந்து, வடகிழக்காகவோ கிழக்காகவோ அடிக்கும். அது வடக்கே நகர்ந்துவிட்டால் திசை மாறி மேற்கிலிருந்து வரும். வடகிழக்குக் காற்று அடிக்கும் நாளில், பாதை காலாப்பட்டுப் பக்கம் வடக்கே போய்த் திரும்புவதாக இருந்தால் போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகில் காற்று. அது நல்ல அமைப்பு. தெற்கே அரியாங்குப்பம், தவளக்குப்பம் பக்கம் போய்த் திரும்புவதாக இருந்தால் முதல் பாதியில் காற்று தள்ளிவிடும், அந்த வேகத்தை உங்கள் வேகம் என்று நம்பிவிடாதீர்கள். சுண்ணாம்பாற்றுப் பாலம் மாதிரி திறந்த இடத்தில் திரும்பி வரும்போது மொத்தமும் முகத்தில் அடிக்கும். எதிர்காற்றில் இழப்பதைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது, அதனால் காற்றுள்ள நாளில் மொத்த நேரம் எப்படியும் கூடும்.

எதிர்காற்றில் தனியாக ஓடாதீர்கள். உங்கள் வேகத்தில் போகும் இரண்டு மூன்று பேரைப் பிடித்து, ஒருவர் பின்னால் ஒருவராக, ஒரு மீட்டர் இடைவெளியில் ஓடினால் பின்னால் இருப்பவருக்குக் காற்றுச் சுமை பெருமளவு குறைந்துவிடும். முன்னால் போவதை முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். "அண்ணே, ஒரு கிலோமீட்டர் நான் முன்னால போறேன், நீங்க பின்னால வாங்க" என்று கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

வேகக் கணக்கை அன்று ஒதுக்கி வையுங்கள். 2018 ஏப்ரல் 16 அன்று பாஸ்டன் மாரத்தான் கொட்டும் மழையில், பலத்த எதிர்காற்றில், உறைநிலைக்குச் சில டிகிரி மேலே நடந்தது. ஆண்கள் பிரிவில் வென்றவர் ஜப்பானின் யூக்கி கவாவுச்சி. அரசுப் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஓடியவர். அவரது நேரம் 2:15:58. பெண்கள் பிரிவில் வென்ற டெஸ் லிண்டன், ஆரம்ப மைல்களில் உடம்பு ஒத்துழைக்காமல் விலகிவிடலாமா என்று யோசித்தவர். விலகுவதற்கு முன் யாருக்காவது உதவலாம் என்று, கழிப்பறைக்கு ஒதுங்கிய ஷாலேன் ஃப்ளானகனுக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, அவரை மீண்டும் முன்வரிசைக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். பிறகு அவரே 2:39:54இல் முதலாவதாக வந்தார். வழக்கமாக அங்கே வெல்பவர்களின் நேரத்தோடு ஒப்பிட்டால் இரண்டுமே மெதுவானவை. அந்த நாளில் அதுதான் சிறந்த ஓட்டம். நீங்களும் கடிகாரத்தை விட்டு மூச்சைக் கவனியுங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் முதல் 12 கிலோமீட்டரைக் கடந்துவிடுங்கள், அப்புறம் கால் சொல்வதைக் கேட்கலாம்.

உடை விஷயத்தில் ஒரே ஒரு கட்டாயம்: பருத்தி வேண்டாம். பருத்தி பனியன் தண்ணீரைக் குடித்துக் கனத்து, ஒவ்வொரு அடிக்கும் தோலைத் தேய்க்கும். மெல்லிய பாலியஸ்டர் டிஷர்ட், உள்ளே உறுத்தும் தையல் இல்லாத கால்சட்டை போதும். ரெயின்கோட் போட்டு 21 கி.மீ. ஓடினால் உள்ளே வெந்துபோவீர்கள். தொடங்கும் முன் வரிசையில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு பெரிய பாலித்தீன் பையில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொள்ளுங்கள், ஓட்டம் தொடங்கும்போது கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடலாம். முன்விளிம்புள்ள தொப்பி அவசியம், கண்ணாடி போடுபவர்களுக்கு அது இல்லாமல் பாதையே தெரியாது.

வாஸ்லினைக் கஞ்சத்தனமில்லாமல் தடவுங்கள். அக்குள், தொடை இடுக்கு, கால்விரல் இடுக்கு, ஆண்களுக்கு மார்புக்காம்பு, பெண்களுக்கு உள்ளாடைப் பட்டி படும் இடம் முழுவதும். தேங்காய் எண்ணெய் சீக்கிரமே மழையில் கழுவிப் போய்விடும், வாஸ்லின் நிற்கும். மழை ஓட்டத்தில் சட்டையில் இரண்டு ரத்தக்கோடு இறங்க வந்து சேருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது முழுக்கத் தவிர்க்கக்கூடிய வலி.

ஷூ புதிதாக இருக்கக்கூடாது, அடி தேய்ந்துபோனதாகவும் இருக்கக்கூடாது. தண்ணீர் புகாத ஷூ என்று விற்பதை வாங்காதீர்கள். கணுக்கால் வழியாக உள்ளே போன தண்ணீர் அதிலிருந்து வெளியே வராது, கடைசி வரை சுமக்க வேண்டியிருக்கும். வலைத்துணி ஷூ நாலு அடியில் தண்ணீரைத் துப்பிவிடும். காலுறை மெல்லியதாக, பருத்தி கலக்காததாக இருக்கட்டும். நாடாவை இரட்டை முடிச்சுப் போடுங்கள், நனைந்தால் தளரும்.

இதையெல்லாம் ஓட்ட நாளில் முதல் முறையாகச் செய்து பார்க்காதீர்கள். நவம்பரில் சாதாரண மழை பெய்யும் காலையில், வெளிச்சம் வந்த பிறகு, வெள்ளிக் கடற்கரைச் சாலையில் அதே சட்டை, அதே காலுறையோடு நீண்ட ஓட்டம் ஒன்று ஓடுங்கள். மழை ஏமாற்றினால் ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டு கிளம்புங்கள். எந்தத் தையல் எங்கே தேய்க்கிறது என்று 8 கிலோமீட்டரில் தெரிந்துவிடும்.

தண்ணீர் குடிப்பது மழையில் மறந்துபோகும், தாகம் தெரியாது. வியர்வை போய்க்கொண்டுதான் இருக்கும். தண்ணீர் கொடுக்கும் இடங்களில் இரண்டு மூன்று வாய் குடியுங்கள், ஒரு இடத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக வயிறு குலுங்கக் குடிப்பதும் ஆபத்து. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரும். காலையில் இரண்டு மணி நேரம் முன்பே இட்லி சாப்பிட்டுவிடுங்கள், சட்னியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓடி முடித்த பிறகுதான் உண்மையில் குளிரும். ஓடும்வரை உடம்பு அடுப்பு மாதிரி எரிந்துகொண்டிருக்கும். நின்றதும் அது அணையும், ஈரத்துணி மட்டும் அப்படியே இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கி.மீ. மலை ஓட்டத்தில் திடீரென்று வந்த ஆலங்கட்டி மழையிலும் உறைகாற்றிலும் 172 பேரில் 21 பேர் இறந்துபோனார்கள். அங்கே மலை, கடும் குளிர். இங்கே அந்த அளவுக்குப் போகாது. ஆனால் மெடல் வாங்கி, படம் எடுத்து, நண்பர்களுக்காக ஈரச் சட்டையோடு கடற்காற்றில் காத்திருந்து, பல் கிட்டிக்கொண்டு நடுங்குபவர்களை இங்கேயும் பார்க்கிறேன். முடிவுக்கோட்டைத் தாண்டியதும் துண்டு, உலர்ந்த சட்டை, உள்ளாடை, செருப்பு, இந்த வரிசையில் மாற்றுங்கள். எல்லாவற்றையும் இரண்டு பாலித்தீன் உறைக்குள் கட்டி ஒப்படைத்திருந்தால்தான் அது உலர்ந்து இருக்கும். பிறகு சூடாக ஒரு டீயோ சுக்குக் காபியோ குடியுங்கள்.

நீங்கள் பைக்கில் வருவதாகச் சொன்னதுதான் எனக்குக் கவலை. 21 கி.மீ. ஓடிக் களைத்த காலோடு, ஈரத்தில், 22 கிலோமீட்டர் கடலூருக்கு வண்டி ஓட்டுவது, ஓட்டத்தைவிட ஆபத்தானது. கை விறைத்துவிடும், பிரேக் பிடிப்பது தாமதமாகும். திரும்பிப் போகும்போது பேருந்து பிடியுங்கள், கடலூர் பக்கம் அடிக்கடி பேருந்து போகும் தடம் அது. வேறு வழியில்லை என்றால் உலர்ந்த உடைக்கு மேல் ரெயின்கோட் போட்டு, பின்னால் உட்கார்ந்து வாருங்கள், ஓடாத ஒருவர் ஓட்டட்டும்.

வீட்டுக்கு வந்ததும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள். இல்லையென்றால் இரண்டு நாளில் சேற்றுப்புண் வந்து நிற்கும். ஷூவின் உள்தகட்டை எடுத்துத் தனியே காயவைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, தாள் ஊறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். அடுப்புப் பக்கத்திலோ உச்சி வெயிலிலோ வைத்தால் பசை விட்டுவிடும்.

கடைசியாக ஒன்று. காலில் வெட்டோ சிராய்ப்போ இருந்து, தேங்கிய தண்ணீரில் ஓட நேர்ந்திருந்தால், அடுத்த சில வாரங்களுக்கு உடம்பைக் கவனியுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி அந்தத் தண்ணீரில் இருக்கும், தோலில் உள்ள காயம் வழியாக உள்ளே போகும், பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாட்களுக்குள் வெளியே காட்டும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், ஓட்டத்தின் களைப்பு என்று மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் மருத்துவரிடம் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக, இன்ன தேதியில் தேங்கிய மழைத்தண்ணீரில் ஓடினேன் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் அவர் அதற்கான பரிசோதனையை எழுதுவார்.